ஒற்றைக் கம்பியில் ஓர் ஊர்

1

இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் பெருமை, வேறொன்றுமில்லை. புல்வெளி நடுவே இருக்கும் எங்கள் ஊர் கரசாயின் காற்றாலை இன்ஜினியர் குல்ஷராவைப் பற்றி நடுநிலையாக எழுத எனக்கு வராது.

முதல் வரி: "பனிப்புயல் வெள்ளைப் போர்வையை உதறிய அந்த மதியத்தில்..." (சீ! அடித்துவிட்டேன்.)

மதியம் புயல் அடித்தது. ஊர் விளக்கெல்லாம் மங்குவதும் பளிச்சிடுவதுமாக இருந்தது. போதும்.

2

(கொஞ்சம் விளக்கம், பொறுத்துக்கொள்ளுங்கள். காற்றாலை மின்சாரம் கன்வெர்ட்டர் வழியாகத்தான் கம்பிக்குப் போகும். கம்பியில் வரும் அலையைப் பார்த்துத்தான் அது தன் அலையைப் பொருத்தும். எங்களுக்கோ புல்வெளியைக் கடந்து வரும் ஒரே கம்பி, அதுவும் நோஞ்சான். கன்வெர்ட்டர் மின்சாரத்தைத் தள்ளினால் கம்பியின் அலை ஆடும். ஆட்டத்தைப் பார்த்து இது திருத்தும், அது இன்னும் ஆடும். குறுகிய சந்தில் எதிரெதிரே வந்த இருவர் ஒரே பக்கம் ஒதுங்கி ஒதுங்கி முட்டிக்கொள்வதுபோல.)

3

நிலையத் தலைவர் சாயன் கத்தினார். "கன்வெர்ட்டர் திருத்துற வேகத்தைக் கூட்டியும் ஆட்டம் அடங்கலை தங்கச்சி. இன்னும் கூட்டு!"

"கூட்டினதாலதான் ஆட்டமே ஜாஸ்தியாச்சு அண்ணே. குறைக்கணும்," என்றாள் குல்ஷரா.

"நம்ம ஆளுங்ககிட்ட குதிரையை மெதுவா ஓட்டுன்னு சொன்னாலே சட்டையைப் பிடிப்பாங்க. புயல்ல போய் மெதுவாவா?"

"அப்புறமா வந்து பிடிங்க."

போனில் மின்பகிர்வு மையத்து பெய்பித். "இன்னொரு தடவை ஆடுச்சு, உங்களைக் கழட்டி விட்டுடுவேன்!"

காற்றாலையைக் கழற்றிவிட்டால் அந்தக் கம்பி தனியாக ஊரைத் தாங்காது. வீடுகளுக்குச் சூடு தரும் வெந்நீர் பம்புகள் நிற்கும். இந்தக் குளிரில் வீடுகள் உறைந்துபோகும்.

4

"அவள் கை நடுங்கியது" என்று எழுதியிருந்தேன். அவளிடமே கேட்டேன்.

"நடுங்குறதுக்கா இன்ஜினியர் ஆனேன்?" என்றாள். திமிர்! எனக்குப் பிடித்த திமிர். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

குல்ஷரா திருத்தும் வேகத்தைக் குறைத்தாள். திரையில் ஆட்டத்தைக் காட்டும் கோடு ஒருமுறை எகிறியது. சாயன் தலையில் கைவைத்துக்கொண்டார்.

5

முடிவு அ: ஊர் இருண்டது. (சோகமாக முடித்தால் ஆழமாக இருக்கும் என்றார் பத்திரிகை ஆசிரியர். மாட்டேன் ஐயா.)

முடிவு ஆ: கோடு மெல்ல மெல்ல அடங்கிப் படுத்தது. பம்பு ஒன்றுகூட நிற்கவில்லை. போன் அடித்தது. மிரட்டிய அதே பெய்பித், "சுயின்ஷி! உங்க ஊர் தப்பிச்சிடுச்சு!" என்று கூவினான். எங்கள் வழக்கப்படி, நல்ல செய்தி சொல்கிறவன் அப்படிக் கூவினால், கேட்டவர் பரிசு கொடுத்தே ஆக வேண்டும்.

"நான் பண்ணினதை எனக்கே நியூஸா சொல்லிட்டுப் பரிசு வேற கேக்குறியா?" குல்ஷரா விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்ன கொடுத்தாள்? தொப்பி என்று எழுதினேன், சால்வை என்று மாற்றினேன், இரண்டும் அற்பமாகப் பட்டன. நீங்களே ஒன்றைக் கொடுத்துக் கதையை முடித்துக்கொள்ளுங்கள். கஞ்சத்தனம் மட்டும் வேண்டாம், ஓர் ஊரே உயிரோடு இருக்கிறது.