வாசலிலேயே கத்துங்கள்

"உள்ள வாங்க, டீ போட்டுட்டிருக்கேன்!" என்று சிஸுரு சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். கூடத்தில் கால் வைத்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சீருடையில் அவள் கணவன் ஷூகோவின் படம். அதன் முன்னால் சோறு, மூடி போட்ட கிண்ணத்தில் மிசோ சூப், சுட்ட மீன். செத்தவர்களுக்கு வைக்கிற மாதிரியே இருந்தது.

ஷூகோ கடற்படைக் கப்பலில் தூர தேசம் போயிருந்தான். எங்கள் குரே துறைமுகத்திலிருந்து அப்படிப் போகிறவர்களின் குடும்பங்களுக்கு ஒத்தாசை செய்வது எங்கள் சங்கத்தின் வேலை. சாவுச் செய்தி என்றால் எனக்குத் தெரியாமல் போகுமா? கடற்படைத் தளத்திலிருந்து ஏன் ஒருவரும் சொல்லவில்லை? சொல்லியும் நான்தான் மறந்து தொலைத்தேனா? ஒன்றும் புரியாமல், கொண்டுபோன ஆரஞ்சுப் பையை ஓரமாக வைத்துவிட்டு, மண்டியிட்டுக் கைகூப்பினேன். அழுகை வேறு வந்துவிட்டது.

பின்னால் கோப்பை விழுந்து உடைந்தது.

"எப்போ நடந்துச்சு?" சிஸுருவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எதும்மா?"

"அதைச் சொல்லத்தானே வந்தீங்க? மழுப்பாம சொல்லுங்க, மினோபெ சான்!"

"நான் எங்க சொல்ல வந்தேன்? நீதானே படையல் வெச்சிருக்க!"

"படையலா? வாயைக் கழுவுங்க! தூரமாப் போனவர் அங்க பட்டினி கிடக்கக் கூடாதுன்னு தினமும் வெக்கிற சாப்பாடு இது. எங்க அம்மா வீட்டுப் பழக்கம்."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் அவள் நம்பினால்தானே! தளத்துக்குப் போன் போட்டு அவள் காதிலேயே வைத்தேன். கப்பலில் எல்லோரும் நலம் என்றார்கள். அதுவும் அவளுக்குப் போதவில்லை. தவழ்ந்து போய் சூப் கிண்ணத்தின் மூடியைத் திறந்து திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் முழுக்க நீர்த்துளி.

"துளி கோத்திருந்தா ஆள் பத்திரம்" என்றாள். பிறகுதான் அழுதாள்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. "உசுரோட இருக்கிறவருக்கு ஒப்பாரி வெச்சீங்கல்ல? உக்காந்து இதை நீங்களே சாப்பிடுங்க." சாப்பிட்டேன். சூப்பில் உப்பு கூடுதல். சொல்வேனா?

"இனிமே வந்தா வாசல்லயே கத்துங்க, ஒண்ணுமில்லன்னு. அப்புறம் உள்ள வாங்க."

அன்றிலிருந்து அவள் வீட்டுத் தெருமுனையில் நான் திரும்பும்போதே, "ஒண்ணுமில்ல, சும்மாதான் வந்தேன்!" என்று கத்துவேன். முனையிலிருக்கும் மீன் கடைக்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். சிரிக்கட்டும்.

போன வாரம் ஜலதோஷத்தில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. கையில் சூடான குழம்போடு அவள் தெருமுனைவரை போனேன். வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. குழம்பை மீன் கடைக்காரனிடம் கொடுத்து, அவள் வீட்டைக் கைகாட்டிவிட்டு, அவள் கண்ணில் படாமல் வீட்டுக்கு ஓடி வந்துவிட்டேன்.