வைஃபை சரியாகிவிட்ட கதை

1

இந்தக் கதை ஒரு தப்பான யோசனையிலிருந்து பிறந்தது. அந்த யோசனை எனக்குப் பலித்துவிட்டது என்பதுதான் வேடிக்கை.

தென்கொரியாவின் வொன்ஜு நகரத்தில் ஓர் அடுக்ககத்தில் ஆறாவது மாடியில் இருக்கிறேன். தலைநகர் சோலில் அலுவலகத்தில் இருக்கும் கணினியை ரிமோட் டெஸ்க்டாப்பில் இங்கிருந்தே திறந்து மொழிபெயர்ப்பு வேலை செய்வது என் பிழைப்பு. போன வசந்தத்தில் அந்த இணைப்பு என்னைப் பாடாய்ப்படுத்தியது. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் திரை அப்படியே நின்றுவிடும். வைஃபை அறுந்து, திரும்ப வந்து, மறுபடி அறுந்துபோகும். லிஃப்டில் பார்த்த ஏழாம் மாடி ஹேரிமிடம் புலம்பினேன்.

"லேப்டாப்ல வைஃபைக்கு பவர் சேவிங்னு ஒண்ணு இருக்கும், அதை அணைச்சுப் பாருங்க. எனக்கு அதுலதான் சரியாச்சு," என்றாள்.

அணைத்தேன். சரியாகிவிட்டது. கொஞ்ச நாள் கழித்து நன்றி சொல்ல ஒரு பொட்டலம் உலர்ந்த பெர்சிமன் பழத்தோடு மேலே போனேன். பொட்டலத்தை வாங்கிக்கொண்டவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"உங்களுக்கு நெஜமாவே சரியாச்சா?"

"ஆமா. ஏன்?"

"எனக்கு அதுல சரியாகவே இல்லீங்க. சரியானதா நெனைச்சுக்கிட்டு இருந்தேன்." சிரித்தாள். பிறகு கதவை இன்னும் கொஞ்சம் திறந்து, "உள்ள வாங்க, பார்லி டீ குடிச்சுட்டுப் போங்க," என்றாள்.

2

தொடக்கங்கள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

'மியோங் ஹேரிமின் விரல்கள் பேச்சைவிட வேகமாக' — வேண்டாம். விரல்களைப் புகழ ஆரம்பித்தால் அவளை ஒரு வித்தைக்காரியாக்கிவிடுவேன்.

'வைஃபை என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு' — இதுவும் வேண்டாம். அடுத்த வரியில் அதை அன்போடு ஒப்பிட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

மூன்றாவதுதான் நின்றது. அதில் அலங்காரம் எதுவும் இல்லை:

ஹேரிம் சுருக்கெழுத்தர். காது கேளாத மாணவர்களுக்காகப் பேராசிரியர் பேசப் பேச எழுத்தாக்குவது அவள் வேலை. வகுப்பில் இருக்கும் ஒலிவாங்கி வழியாகப் பாடம் அவள் காதுக்கு வரும். வகுப்புக் கணினியை அவள் வீட்டிலிருந்தே ரிமோட் டெஸ்க்டாப்பில் திறந்து தட்டச்சு செய்வாள். எழுத்து அங்கே மாணவியின் முன்னால் திரையில் ஓடும். அந்த மாணவியின் பெயர் கில் சேயோன். சுன்ச்சோன் நகரத்தில் வனவியல் முதுகலை படிக்கிறாள். பைன் மரங்களைக் கொல்லும் நோயைப் பற்றி ஆராய்ச்சி. இருவரும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

என் திரை நின்றால் ஒரு வாக்கியம் தாமதமாகும், அவ்வளவுதான். ஹேரிமின் திரை நின்றால் சேயோனுக்கு வகுப்பே ஊமையாகிவிடும். எல்லோரும் எதற்கோ சிரிப்பார்கள்; அவள் மட்டும் உறைந்துபோன பாதி வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

3

ஹேரிமின் கணவர் தாக் பியோங்சு. கட்டடம் கட்டடமாக ஏறி இணையக் கம்பி இழுத்துப் பொருத்துவது அவர் தொழிலாக இருந்தது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கால் மெல்லத் திரும்பியது, கை திரும்பவில்லை. தினமும் காலையில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டு நடைவழியில் போய்வர வேண்டும் என்று மறுவாழ்வு மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். பாதி வழியில் சாய்ந்து மூச்சு வாங்கச் சுவரில் ஒரு கைப்பிடி அடித்திருந்தது.

(இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: கம்பிக்காரர் வீட்டில் எதற்கு வைஃபை? கம்பி இழுத்துவிட்டால் தீர்ந்ததே? நியாயம்தான். ஆனால் அந்த வீட்டுக்குள் வேறொரு கம்பிக்காரனைக் கூப்பிட ஹேரிமுக்கு மனம் வரவில்லை. நான் போடுகிறேன் என்று சொல்லப் பியோங்சுவுக்குக் கை இல்லை. ஆகவே கம்பி என்ற சொல்லே அந்த வீட்டில் புழங்குவதில்லை.)

ரவுட்டர் கூடத்தில். ஹேரிமின் அறை கடைசியில், குளியலறையைத் தாண்டி. அதனால் சிக்னலை வாங்கி அனுப்ப ஒரு ரிப்பீட்டர் வாங்கி நடைவழி பிளக் பாயிண்டில் மாட்டினாள். பிறகுதான் இணைப்பு அறுவது கூடியது. ரவுட்டரை அணைத்துப் போட்டாள், சேனல் மாற்றினாள், டிரைவரைப் புதுப்பித்தாள். சேவை மையத்துக்குப் பேசினால் அந்தப் பையன், "எங்க பக்கம் சிக்னல் ரொம்ப நல்லா இருக்கு அம்மா," என்றான்.

"உங்க பக்கம் நல்லா இருந்து எனக்கு என்ன பிரயோஜனம்? என் பக்கம்தானே வகுப்பு நடக்குது!"

கடைசியில் ஒரு நாள் பவர் சேவிங்கை அணைத்தாள். அன்றைக்கு ஒருமுறைகூட அறவில்லை. மறுநாளும் இல்லை. அந்த வாரம் முழுக்க இல்லை.

வகுப்பு முடிந்ததும் சேயோன் திரையில் எழுதினாள்: 'அக்கா, இந்த வாரம் நான் ஒரு ஜோக்குக்கு எல்லாரோடயும் சேர்ந்து சிரிச்சேன். மட்டமான ஜோக்தான். ஆனா ஒரே நேரத்துல சிரிச்சேன்.'

ஹேரிம் அன்று இரவுச் சாப்பாட்டுக்கு மாட்டிறைச்சி வாங்கி வந்தாள். "நானே கண்டுபிடிச்சு நானே சரிபண்ணிட்டேன், பாத்தீங்களா?" என்று கணவரிடம் பீற்றிக்கொண்டாள். "கெட்டிக்காரிதான்," என்றார் அவர். அக்கம்பக்கத்தில் இணைப்பு அறுகிறது என்று யார் சொன்னாலும் பவர் சேவிங்தான் அவள் மருந்து. எனக்கும் அப்படித்தான் கிடைத்தது.

4

கதை இங்கே முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

அடுத்த முறை மறுவாழ்வு மருத்துவமனைக்குப் போனபோது பிசியோகாரப் பெண் பியோங்சுவின் காலை மடக்கிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். தொடை இளைத்திருந்தது, முட்டி இறுகியிருந்தது. "ஐயா வீட்டுல நடக்கறதே இல்லை போல?" என்று ஹேரிமைக் கேட்டாள். திரும்பி வரும் பேருந்தில் ஹேரிம் கணவரைக் கேட்டாள்.

"ஏங்க, நடக்கவே இல்லையா?"

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"உங்களைத்தான் கேக்கறேன். நடந்தேன் நடந்தேன்னு தெனம் சொன்னீங்களே."

"சாப்பாட்டு மேசை வரைக்கும் நடந்தேன்ல."

"வெளையாடாதீங்க."

பேருந்து பாலம் ஏறி இறங்கியது. அவர் சொன்னார்: "அந்தக் கைப்பிடிகிட்ட வந்து நான் சாஞ்சா, உன் ரூம்ல இருந்து 'ஐயோ போச்சு'ன்னு சத்தம் வரும். மொதல்ல ஏதோ தற்செயல்னு இருந்துட்டேன். அப்பறம் வேணும்னே போய் நின்னு பார்த்தேன். போச்சு. நகர்ந்து வந்தேன். சரியாச்சு. மறுபடி நின்னேன். போச்சு."*

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ என்ன பண்ணியிருப்ப? 'பரவாயில்ல, நீங்க நடங்க'ன்னு சொல்லியிருப்ப. அங்க அந்தப் பொண்ணு திருதிருன்னு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்."

"அதுக்காக உங்க காலை—"

"நீ அந்த பவர் சேவிங்கை அணைச்ச அன்னிக்குத்தான் நானும் நடையை நிறுத்தினேன். நீ அவ்வளவு சந்தோஷமா வந்து சொன்ன. நான் எப்படி உடைக்கறது?"

* ரிப்பீட்டர் அந்தக் கைப்பிடிக்குப் பக்கத்து பிளக் பாயிண்டில் இருந்தது. ஆளும் இரும்பு வாக்கரும் அதை மறைத்தால் அதன் சிக்னல் தாழும். லேப்டாப் அதைக் கைவிட்டு ரவுட்டருக்குத் தாவும். ஆள் நகர்ந்ததும் திரும்பத் தாவும். ஒவ்வொரு தாவலிலும் ரிமோட் டெஸ்க்டாப் அறும். ரிப்பீட்டரை வேறு பிளக் பாயிண்டுக்கு மாற்றலாமே என்பீர்கள். மாற்றிப் பார்த்தார்கள். மிச்சமிருந்தது குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருப்பது ஒன்றுதான்; அங்கே இன்னும் மோசம்.

5

பியோங்சுவின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். இவ்வளவு நல்ல மனிதரை எழுதும்போது என் பேனா தித்திக்கிறது; தித்தித்தால் எங்கோ பொய் இருக்கிறது. ஹேரிமிடமே கேட்டேன்: உங்கள் கணவர் நிஜமாகவே அப்படித் தியாகம் செய்தாரா?

அவள் கையைத் தட்டிச் சிரித்தாள். "தியாகமா! மீதியைக் கேளுங்க."

அதே பேருந்தில், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, அவர் மெல்லச் சொன்னாராம்: "இன்னொண்ணும் சொல்லிடறேன். முழுக்க உனக்காகன்னு நெனைச்சுக்காத. நடக்கறது நரகம், ஹேரிம். ஒவ்வொரு அடியும். உக்கார ஒரு நல்ல காரணம் கெடைச்சுது, விடுவேனா? உக்காந்து டிவியில பாதுக் பலகையாட்டம் பார்த்தேன். மூணு சேனல் இருக்கு, தெரியுமா?"

அவள் அவருடைய இடது தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"வலது பக்கம் அடிச்சா எனக்குத் தெரியாதுல்ல, அங்க அடி," என்றார் பியோங்சு.

இப்போது அவரை நம்புகிறேன்.

6

வீட்டுக்கு வந்ததும் ஹேரிம், இத்தனை நாள் சொல்லாத சொல்லைச் சொன்னாள்: "கம்பி போட்டுடலாமா? யாரையாவது கூப்பிடறேன்."

"யாரும் வேண்டாம். நான் போடறேன்."

"எந்தக் கையால?"

"இருக்கற கையால."

பழைய சகா ஒருவரிடம் கம்பிச் சுருள் வாங்கிவரச் செய்தார். தரையை ஒட்டி, சுவரோரமாக, இடது கையால் ஒவ்வொரு கிளிப்பாக அடித்தார். ஆணியைப் பிடிப்பது ஹேரிம், தட்டுவது அவர். சுத்தியல் இரண்டு முறை அவள் விரலில் விழுந்தது. "சுருக்கெழுத்தர் விரலை ஒடிச்சா நஷ்ட ஈடு யார் தர்றது?" "நீ ஏன் என் கையைப் பார்க்காம என் மூஞ்சியைப் பார்க்கற?" ஒரு நாளைக்கு ஒரு கதவு தூரம்கூட நகரவில்லை. அதற்கு மேல் அவர் உடம்பு இடம் கொடுக்கவில்லை.

காலை நடை மறுபடி தொடங்கியது. இணைப்பும் மறுபடி அறத் தொடங்கியது. ஹேரிம் சேயோனிடம் எல்லாவற்றையும் எழுதிவிட்டாள்; மன்னிப்பும் கேட்டாள். வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டுமென்றால் தாராளமாகப் பார்த்துக்கொள் என்றாள்.

பதில் வர நேரமானது. 'அக்கா, இவ்வளவு நாள் திரை நின்னா எல்லாரும் என்னை விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு தோணும். இனிமே ஐயா கைப்பிடி வரைக்கும் வந்துட்டார்னு நெனைச்சுக்கறேன். அவர் நின்னு மூச்சு வாங்கற வரைக்கும் நானும் வாங்கறேன். ஆனா மே மாசம் என் ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வு மட்டும்...'

அந்த மூன்று புள்ளிகள் சேயோன் வைத்தவை, நான் வைத்தவை அல்ல.

7

முடிவுகள்.

ஒன்று: தேர்வுக்கு முந்தின நாள் கம்பி ஹேரிமின் மேசையைத் தொடுகிறது. பியோங்சு இடது கையால் செருகுகிறார். பச்சை விளக்கு எரிகிறது. (அழகாக இருக்கிறது. நடக்கவில்லை. தேர்வு நாளில் கம்பி குளியலறைக் கதவோடு நின்றிருந்தது.)

இரண்டு: மீதிக் கம்பியை அன்றைக்கு மட்டும் தரையில் சும்மா விரித்து இழுக்கிறார்கள். (விரித்தால் வாக்கர் தடுக்கும், பியோங்சு நடக்க முடியாது. ஆக அதுவும் அவர் உட்காருவதுதான்.)

மூன்று: அவர் காலையில் இல்லாமல் மாலையில் நடக்கிறார். (ஒரு நாள் மாற்றினால் மறுநாளும் மாற்றத் தோன்றும் என்று அவருக்கே தெரியும். அவரைப் பற்றி அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.)

நடந்தது இது. தேர்வு நாள் காலை, ஹேரிம் ஹெட்ஃபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அறை வாசலில் நின்றாள். பியோங்சு நடைவழியின் அந்தக் கோடியில், வாக்கரைப் பிடித்தபடி.

"இன்னைக்கு ஒரு நாள் உக்காந்துக்கறேன்," என்றார் அவர்.

"வேண்டாம். நடங்க."

"அந்தப் பொண்ணோட பரீட்சை."

"அவகிட்ட மறுபடியும் கேட்டாச்சு. நடக்கச் சொல்லுங்கன்னுதான் சொன்னா."

"சின்னப் பொண்ணு, நாகரிகத்துக்குச் சொல்லியிருக்கும். அதைப் போய் நம்பறியா?"

"நீங்க பாதுக் பார்க்கத் துடிக்கறீங்க."

"நீ என்னை நல்லவனாக்கப் பார்க்கற."

"ஏங்க, மணியாச்சு!"

"அதான் சொல்றேன், போய் உக்காரு!"

சேயோன் தேறிவிட்டாள், பைன் மரங்களுக்கு இப்போது ஒரு முனைவர் பட்ட மாணவி கிடைத்திருக்கிறாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீங்கள் அவளுக்காகக் கவலைப்பட வேண்டாம். கேள்விகளுக்கு நடுவே திரை நின்றதா என்று அவள் எழுதியதையும் ஹேரிம் எனக்குக் காட்டினாள். வாசலில் நடந்த அந்தச் சண்டையில் யார் பேச்சு எடுபட்டது என்றும் சொன்னாள்.

அதை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் ஒருவர் தோற்றார்; தோற்றவர் அன்று முழுக்க முகம் தூக்கிவைத்துக்கொண்டு, சாயங்காலம் முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயை மற்றவர் தட்டில் அள்ளி வைத்தார். அதனால் நான் எழுதுவதை இங்கே நிறுத்துகிறேன். உங்கள் வீட்டில் இப்படி ஒரு சண்டை வந்தால் யார் பேச்சு எடுபடுமோ, அதை வைத்து நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.