நூற்றுப் பதினெட்டுப் பேர்

2006 ஜூன் மாதம், மதுரைக் கல்லூரி ஒன்றிலிருந்து வினோலியா என்ற ஆராய்ச்சி மாணவி வெம்பக்கோட்டைக்கு வந்தாள். தங்கள் வாழ்வைத் தாங்களே மாற்ற முடியும் என்று பட்டாசுத் தொழிலாளிப் பெண்கள் எந்த அளவுக்கு நம்புகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஞாயிற்றுக்கிழமை மகளிர் குழுக் கூட்டத்தில் அச்சடித்த கேள்வித்தாளைக் கொடுத்தாள்.

பதினாறு வருடமாக வெடிக்குத் திரி வைத்துவரும் செல்லக்கனி முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டாள்.

"முடிவெடுக்கும் ஆற்றல் உண்டான்னு கேட்டிருக்கீக. 'ஓரளவு'ன்னு டிக் அடிச்சுட்டு, நாளைக்கும் நான் அந்த ரூமுலதான போயி உக்காரணும்?"

"எந்த ரூம்க்கா?"

"நாலு பேரு உக்கார வேண்டிய ரூமுல ஒம்பது பேரு உக்காந்திருக்கோம். பின்கதவ மறிச்சு அட்டப்பெட்டி அடுக்கியிருக்காக. தீப்பிடிச்சா எங்கன ஓட? அதக் கேளுங்க டீச்சர்."

ஏழு மாதம் பாடுபட்டுத் தயாரித்த கேள்விகள். வினோலியாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் தாளைத் திருப்பி வெற்றுப் பக்கத்தை மேலே வைத்தாள். "நீங்க சொல்லுங்க, எழுதிக்கிடுறேன்."

"நம்ம குழுவுல பொன்னுத்தங்கம் பத்தாவது படிச்சவ. அவளே எழுதட்டும்," என்றாள் செல்லக்கனி.

ஐந்து கேள்விகள் பிறந்தன. மூன்று வாரம், வேலை விட்டு வந்த பிறகு, பெண்களே வீடு வீடாகப் போய்க் கேட்டார்கள். நூற்று நாற்பத்து மூன்று பேர் பதில் சொன்னார்கள். அதில் நூற்றுப் பதினெட்டுப் பேர் பின்கதவு திறக்காத அறையில் வேலை பார்த்தார்கள். தன் ஒருத்தியின் பயம் என்றுதான் செல்லக்கனி இத்தனை நாளும் அதை உள்ளுக்குள் வைத்திருந்தாள். எண்ணிக்கையைப் பார்த்ததும் பயம் போய்க் கோபம் வந்தது.

விஷயம் போர்மேன் சுந்தரபாண்டி காதுக்கு எட்டியது. மறுநாள் காலை கம்பெனி வாசலில் செல்லக்கனியை மறித்தார்.

"பேப்பரத் தூக்கிக்கிட்டு அலையிறவுகளுக்கு இங்கன வேல இல்ல."

"சரிண்ணே. அப்ப நாங்க கெளம்புறோம்."

செல்லக்கனி திரும்பி நடக்க, பின்னால் அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த முப்பத்து நான்கு பெண்களும் நடந்தார்கள். தீபாவளி ஆர்டர் குவிந்து கிடந்த நேரம். பஸ் நிறுத்தம் வருவதற்குள் சுந்தரபாண்டி சைக்கிளில் துரத்தி வந்து, "கோவிச்சுக்கிடாதீக தாயி, உள்ள வாங்க," என்றார்.

அடுத்த திங்கட்கிழமை விருதுநகர் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார்கள். "இது யாரு எடுத்த ஆய்வு?" என்று அதிகாரி வினோலியாவைப் பார்த்துக் கேட்டார். அவள் ஒதுங்கி நின்றுகொண்டாள்.

"நாங்க எடுத்தது சார். எந்தக் கம்பெனி, எந்த ரூம்னு கேளுங்க, சொல்லுறேன்," என்றாள் செல்லக்கனி. கேட்டார். தாளைப் பார்க்காமலே சொன்னாள்.

பத்தாம் நாள் சோதனைக்கு ஆள் வந்தது. பெட்டிகள் வெளியேறின, பூட்டிக் கிடந்த அறைகளைத் திறந்து, அறைக்கு நாலு பேராகப் பிரித்து உட்காரவைத்தார்கள். இரண்டு கம்பெனிகள் மட்டும் மசியவில்லை. அங்கே மறுபடியும் கணக்கெடுக்கப் பொன்னுத்தங்கம் கிளம்பிவிட்டாள்.

தை மாதம் வினோலியா தன் ஆய்வேட்டைக் கொண்டுவந்து தமிழில் வாசித்துக் காட்டினாள். 'பாதிக்கப்பட்ட பெண்கள்' என்று வந்த இடத்தில் செல்லக்கனி கையை உயர்த்தினாள்.

"அத அடிச்சுட்டு எங்க பேர எழுதுங்க டீச்சர். மொத்தப் பேரையும்."

வினோலியா பேனாவைத் திறந்தாள்.