ஒன்பது அம்மாக்கள்

"இந்த அம்மாவும் சாகப்போறாங்களா?" என்று மகள் கேட்டபோது நான் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. கட்டிலில் சாய்ந்தபடி எனக்குக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த மனைவியும் அவளைத் திரும்பிப் பார்த்தாள்.

என் மனைவி பிள்ளைகளுக்குச் சரித்திரக் கதை எழுதுகிறவள். இதுவரை ஒன்பது புத்தகம். ஒன்பதிலும் இரண்டாம் அத்தியாயம் தாண்டுவதற்குள் அம்மாவைத் தீர்த்துக்கட்டிவிடுவாள். காய்ச்சல், வெள்ளம், படையெடுப்பு, ஒருத்தி கிணற்றில் வழுக்கி விழுந்தாள். கேட்டால், "அம்மா இருந்தா எந்தப் பிள்ளை வாசல் தாண்டும்? சாப்டியா, எங்க போற, யாரோட போறன்னு கேட்டே கதைய முடிச்சிடுவா" என்பாள். தொழில் ரகசியம். நானும் சிரித்துக்கொண்டேதான் தட்டச்சு செய்து கொடுத்தேன். கிணற்று யோசனையைச் சொன்னதே நான்தான், பாவி.

இது பத்தாவது. உட்கார்ந்து எழுத அவளுக்குத் தெம்பில்லை. போன மாதம் மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மருந்து இனிமேல் வலிக்குத்தான், நோய்க்கு இல்லை என்றார். மனைவியிடம் அன்றே சொல்லிவிட்டேன். மகளிடம் இருவருமே சொல்லவில்லை. பன்னிரண்டு வயது. ஆனால் ஒவ்வொரு அத்தியாயத்தையும் முதல் ஆளாகப் படிக்கிறவளிடம் எதைத்தான் மறைப்பது?

"கதைக்கு வேணும்டி" என்றாள் மனைவி, சுரத்தில்லாமல்.

"வேணாம்மா. இந்த ஒரு தடவை."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மனைவி என் பக்கம் திரும்பினாள். "அந்தக் காய்ச்சல அழிச்சிடுங்க." அழித்தேன்.

அதற்கப்புறம் பிடித்தது சனி. நானூறு வருடத்துக்கு முந்தைய துறைமுகம், தொலைந்துபோன அப்பாவைத் தேடிக் கப்பல் ஏற வேண்டிய பெண். அம்மா விட்டால்தானே! மூன்று நாள் அந்தப் பெண் வாசலிலேயே நின்றாள். கடைசியில் மனைவி சலித்துப்போய், "சரி, அம்மாவும் கூடவே வந்து தொலையட்டும்" என்றாள். வந்தாள். போர்வையை மறந்துவிட்டேன் என்று பாதி வழியில் திரும்பிப் போனாள். தண்ணீர் எத்தனை பீப்பாய் என்று மாலுமியைக் குடைந்தாள். அந்தப் பெண்ணுக்குத் தலை பின்னினாள், அதுவே நான்கு பக்கம். அந்தக் காலத்துச் சீப்பு மரமா கொம்பா என்று மனைவிக்கு அரை நாள் யோசனை.

இன்று மத்தியானம் பதிப்பாளர் போன் செய்தார். "அறுபது பக்கம் ஆச்சு சார். கப்பல் இன்னும் கரையிலயே நிக்குது."

"காத்து வரலையாம் சார்" என்றேன். எனக்கென்னவோ அது கரையிலேயே நிற்கட்டும் என்றுதான் இருந்தது.

சாயங்காலம் மறுபடி உட்கார்ந்தோம். மகள் கட்டில் ஓரத்தில் இருந்தாள். மனைவி கண்ணை மூடியபடியே சொன்னாள், வாக்கியத்துக்கு வாக்கியம் மூச்சு வாங்கியது. கப்பலில் பாய் விரித்தாயிற்று. நங்கூரம் இழுக்க நாலு பேர் வந்து நிற்கிறார்கள்.

"ம், அப்புறம்?" என்றேன்.

அவளால் முடியவில்லை.

மகள்தான் பேசினாள். "அந்தப் பொண்ணு சொல்றா. அம்மா, உனக்கு முடியல. நீ இறங்கிக்கோ. நான் போய்ட்டு வரேன்."

மனைவி கண் திறக்கவில்லை. கை மட்டும் போர்வைமேல் எதையோ தேடியது. மகள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

"செத்துட்டாங்கன்னு மட்டும் போடாதீங்கப்பா."

போடவில்லை. நங்கூரம் ஏறியது, கப்பல் நகர்ந்தது. கரையில் அந்த அம்மா நெற்றியில் கை வைத்து வெயிலை மறைத்தபடி நின்றாள். எழுத்தெல்லாம் கலங்கிக் கலங்கித் தெரிய, நிற்கிறாள், இன்னும் நிற்கிறாள் என்றே தட்டிக்கொண்டிருந்தேன்.