தூரமான, மன்னிக்கவும், உயரமான இடம்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தலையில் கட்டப்பட்டது. கட்டியவர் இராஜரத்தினம் அண்ணை. குவைத்தில், ஃபஹாஹீலில், எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையின் செயலாளர், ஆண்டு மலரின் ஆசிரியர், வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்புவதில் அடக்கமே இல்லாதவர்.

"தம்பி, பொறாமையை விசுவாசத்தால வெல்லுற கதை ஒண்டு வேணும். ஆள் கடைசியில திருந்தோணும். அழுதால் இன்னும் நல்லம். ரெண்டு பக்கம்தான், பக்கத்தில பல் டாக்குத்தற்ற விளம்பரம் இருக்கு."

ஆரம்பித்தேன்:

பாலைவனத்துச் சூரியன் தகித்துக்கொண்டிருந்த ஒரு

(வேண்டாம். குவைத்தில் வெயில் அடிப்பதைச் சொல்ல ஓர் எழுத்தாளன் எதற்கு?)

சுகிர்தன் நல்லவன்; ஆனால்

(இதுவும் வேண்டாம். 'ஆனால்' வந்த பிறகு 'நல்லவன்' என்பதை யார் நம்புவார்கள்?)

சரி, நேராகவே சொல்லிவிடுகிறேன். சுகிர்தன் யாழ்ப்பாணத்துக்காரன். ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பொறுப்பு. வெள்ளிக்கிழமை* சபையில் பாட்டு நடத்துபவன். வாரம் முழுக்க 'பாய், ஜல்தி' என்று விரட்டப்படுகிற ஒருவன் மைக்கைப் பிடித்துக் கையை உயர்த்தினால் ஒரு கூடமே எழுந்து நிற்கிறது. அந்தச் சுகத்தை நினைத்துப் பாருங்கள். அந்த மைக் அவன் கையை விட்டுப் போனதுதான் கதை.

* இங்கே ஞாயிற்றுக்கிழமை வெள்ளிக்கிழமையே வந்துவிடும். ஆண்டவரும் எங்கள் லீவு பார்த்துத்தான் சந்திக்கிறார்.

2

வசீகரன் கீபோர்டோடு சபைக்கு வந்திறங்கினான். நல்ல குரலும் வைத்திருந்தான். குற்றம் அவ்வளவுதான்.

முதல் வரைவில் அவனுக்குக் கொஞ்சம் திமிர் வைத்துப் பார்த்தேன், சுகிர்தனுக்கு வசதியாக இருக்கட்டும் என்று. ஒட்டவில்லை. கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கினான். சமோசாவில் உடைந்ததாகப் பார்த்து எடுத்தான். சுகிர்தனை வாய்க்கு வாய் 'அண்ணை' என்றான். இப்படிப்பட்டவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சிரமம் என்பது பட்டவர்களுக்குத் தெரியும்.

"இனிப் பாட்டை வசீகரன் நடத்தட்டும், சுகிர்தன் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்" என்றார் பாஸ்டர். சுகிர்தன் சிரித்துக்கொண்டே மைக்கைக் கொடுத்தான். அதன் வயரை மட்டும் கொஞ்சம் பிந்தித்தான் விட்டான்.

உலகத்து மக்கள் என்றால் மொட்டைக் கடிதம் எழுதுவார்கள். விசுவாசிக்கு அந்தத் தேவையில்லை. ஜெப விண்ணப்பம் இருக்கிறது. அடுத்த வெள்ளி சுகிர்தன் எழுந்து நின்றான்.

"வசீகரன் தம்பியைப் பற்றி என்ர மனசில ஒரு பாரம். அவருக்குப் பெருமை வந்திடாமல் எல்லாரும் ஜெபியுங்கோ."

எல்லோரும் ஜெபித்தார்கள். எல்லோரையும்விட உருக்கமாக வசீகரன் ஜெபித்தான். முடிந்ததும் ஓடிவந்து கையைப் பிடித்தான். "நன்றி அண்ணை. எனக்கே தெரியாத குறையைக் காட்டித் தந்தீங்கள்."

சுகிர்தனுக்கு எங்கே முட்டிக்கொள்வதென்று தெரியவில்லை.

3

வசீகரன் கனடாவுக்கு விண்ணப்பித்திருந்தான். பதில் இழுபட்டது. ஒருநாள் அதை வாய்விட்டுச் சொன்னான். சுகிர்தனின் மனதில் விளக்கு எரிந்தது.

அன்றிலிருந்து அந்த விசா சுகிர்தனின் பாரமாயிற்று. உபவாசம் இருந்தான். மதியச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தான். கூட்டத்தில் கண்ணை இறுக மூடி, குரல் தழுதழுக்க மன்றாடினான்:

"ஆண்டவரே, வசீகரனைத் தூரமான..." (இந்த இடத்தில் ஓர் இருமல்) "...உயரமான இடத்துக்குக் கொண்டுபோம்!"

"ஆமென்!" என்றது கூடம்.

நாக்கு தடுமாறியது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இல்லை. அன்று அவனிடத்தில் உண்மை பேசியது நாக்கு ஒன்றுதான்.

காரில் திரும்பும்போது அவன் மனைவி கஜானி வெளியே பார்த்தபடி கேட்டாள்: "இஞ்சேருங்கோ, நீங்கள் உபவாசம் இருக்கிறது அந்தப் பிள்ளையில இருக்கிற அன்பாலயோ, அவற்ற கீபோர்டில இருக்கிற கோவத்தாலயோ?"

"சும்மா இரப்பா. ரோட்டைப் பாக்க விடு."

"நான் சும்மாதான் இருக்கிறன். ஆண்டவர் சும்மா இருக்க மாட்டார்."

(கஜானியை நான் ஒரு வரிக்குத்தான் கொண்டுவந்தேன். அவள் பேசியதைப் பார்த்தால் கதையையே அவளிடம் கொடுத்திருக்கலாம்.)

4

விசா வந்தது.

சபை பொங்கி வழிந்தது. சுகிர்தனின் ஜெபத்துக்குக் கிடைத்த பதில் என்று பாஸ்டர் அறிவித்தார். மைக்கும் அவனுக்கே திரும்பப் போகிறது. கேட்டதெல்லாம் கிடைத்தவன் சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்?

இரண்டு தடவை கனடாவுக்குப் போட்டு இரண்டு தடவையும் மறுக்கப்பட்டவன் சுகிர்தன். முன்பே சொல்லியிருக்க வேண்டும். அவன் மறைத்து வைத்திருந்தான். எனக்கும் இப்போதுதான் சொன்னான். ஸ்டோரில் பெட்டிகளுக்கு நடுவே நின்று ஆண்டவரோடு சண்டைக்குப் போனான். "எனக்கெண்டு அழுது கேட்டன், காது கேக்கேல்ல. அவனுக்கெண்டு கள்ள மனசோட கேட்டன், குடுத்திட்டீர். இதென்ன நியாயம்?" மைக்குக்காக வந்த பொறாமை போய்விட்டது. இப்போது கனடாவுக்காக வந்திருந்தது. ஆள் உடைந்துபோய் அழுதான்.

(இராஜரத்தினம் அண்ணைக்கு: அழுகை வந்துவிட்டது. திருந்துதல் இன்னும் வரவில்லை.)

அன்று மாலை வசீகரன் வீட்டுக்கு வந்தான். கையில் கீபோர்ட்.

"இது இஞ்சயே இருக்கட்டும் அண்ணை. நீங்கள் பாடேக்க இருக்கோணும்." கீபோர்டைச் சுவரோடு சாய்த்து வைத்தான். "அண்ணை, எனக்குப் போகப் பயமாக் கிடக்கு. அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. இஞ்ச எனக்காகச் சாப்பிடாமல் இருந்து ஜெபிக்க நீங்கள் ஒராள் இருந்தீங்கள். அம்மாகூட அப்பிடிச் செய்யேல்ல."

கஜானி தேத்தண்ணியை வைத்துவிட்டு, கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உள்ளே போனாள்.

5

பிரியாவிடை வெள்ளி. தலையில் கைவைத்து ஜெபிக்கச் சுகிர்தனைத்தான் அழைத்தார்கள். வேறு யாரை அழைப்பார்கள்? வசீகரன் முழங்காலில் நின்றான். தலை நடுங்குவது சுகிர்தனின் உள்ளங்கையில் தெரிந்தது.

மலருக்காக ஒரு முடிவு: சுகிர்தன் எல்லாவற்றையும் அறிக்கையிட்டான், இருவரும் கட்டிப்பிடித்து

(பல் டாக்குத்தருக்கே கூசும்.)

நடப்புக்கு ஒரு முடிவு: வழக்கமான வார்த்தைகளில் ஜெபித்து முடித்தான். எல்லோரும் பிரியாணிக்குப்

(இப்படித்தான் நடக்கும் என்று நினைத்து எழுதிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவன் வாயைத் திறந்துவிட்டான்.)

"ஆண்டவரே, இவனை அனுப்பாதேயும்."

ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. பாசத்தில் சொல்கிறானா, கனடா இவனுக்கும் கிடைக்கக் கூடாதென்று சொல்கிறானா? இரண்டுக்கும் வாக்கியம் ஒன்றுதான். எழுதுகிற எனக்கும் தெரியவில்லை. கஜானி ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள்.

சுகிர்தன் இந்தமுறை இருமவில்லை.

"இதை நான் எந்த மனசோட கேட்டன் எண்டு எனக்கே தெரியேல்ல ஆண்டவரே. உமக்குத் தெரியும். முந்தி நான் கேட்டது எந்த மனசோட எண்டும் உமக்குத் தெரியும். அப்பிடியிருந்தும் குடுத்தீர். இவன் பயப்பிடுறான். என்னை விடும், இவனைப் பாத்துக்கொள்ளும்."

அவன் இப்படிச் சொல்லும்வரை இவ்வளவும் எழுதியது வீண் என்றுதான் நினைத்திருந்தேன்.

இராஜரத்தினம் அண்ணையின் குரல்பதிவு வந்திருக்கிறது. "தம்பி, ஆமென் இல்லாமல் ஜெபத்தை எப்பிடி அச்சடிக்கிறது? ஒண்டு போட்டு முடியுமன்." நான் போட மாட்டேன். அது எழுதுகிறவனின் வேலையல்ல.

கை இன்னும் அந்தத் தலையில் இருக்கிறது. கஜானியும் கண்ணை மூடிவிட்டாள். இந்தக் கூடத்தில் கண் திறந்திருப்பவர் இப்போது நீங்கள் ஒருவர்தான்.

சொல்லுங்கள்.