கரிக்கோட்டுக்கு மேலே

தொண்ணூற்றேழாம் வருசம் பெரியகல்லாற்றில் விடியுமுன்னே சத்தம் கேட்டால், அது ஆமி அடிக்கிற ஷெல்லா, இல்லை புஸ்பத்தின் வாயா என்று ஆட்கள் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டியிருந்தது. ஷெல் என்றால் கொஞ்ச நேரத்தில் ஓயும். புஸ்பம் ஓயமாட்டாள்.

"கையத் தூக்குங்க. இன்னும் மேல."

மாமரக் கொப்பில் ஒரு நைலோன் கயிறு தொங்கியது. அதன் இரண்டு முனையிலும் கம்புத் துண்டு. ஒரு முனையை இடது கையால் கீழே இழுத்தால், மறுமுனையைப் பிடித்திருக்கும் வலது கை தானாக மேலே போகும். அவள் புருசன் வினாயகமூர்த்திக்குக் கல்முனை எலும்பு டாக்குத்தர் சொல்லிக் கொடுத்த வைத்தியம் அது. தோள்மூட்டு இறுகிப் போச்சு, சீனி வருத்தக்காரருக்கு இப்பிடி வாறதுதான், நோவுக்குப் பயந்து கையை நெஞ்சோடு வைத்திருந்தால் இன்னும் இறுகும், சுடுதண்ணி ஒத்தணம் கொடுத்துவிட்டு நீங்களே மெல்ல மெல்ல இழுங்க என்றிருந்தார். மெல்ல என்ற சொல் மட்டும் புஸ்பத்தின் காதில் விழவில்லை. இடது கைக் கம்பைப் பறித்துத் தானே இழுத்தாள்.

அவளுடைய ஆத்திரத்துக்குக் காரணம் இருந்தது. மாசி மாதச் சுற்றிவளைப்பில் அவர்களுடைய ஒரே மகனைப் பிடித்துக்கொண்டு போய் டவுன் ஆமிக் காம்பில் வைத்திருந்தார்கள். தகப்பன் நேரில் வந்து கையெழுத்து வைத்தால் விடுவார்களாம். ஆனி முடியுமுன் வராவிட்டால் தெற்கே பெரிய மறியலில் அடைக்க அனுப்பிவிடுவார்களாம். தாய் போய் அழுது பார்த்தாள், தகப்பன்தான் வேணும் என்றார்கள். வினாயகமூர்த்தி பஸ் ஏறினார். பாலத்தடிச் சோதனைச் சென்றியில் எல்லாரையும் இறக்கி நிறுத்தி, "அத உஸ்ஸண்ட" என்றான் ஒரு ஆமிக்காரன். கையைத் தூக்கச் சொல்கிறான். இடது கை மேலே போனது. வலது கை விலாவோடு நின்றுவிட்டது. மடியில் எதையோ ஒளிக்கிறான் என்று அந்தத் தோளிலேயே துவக்குப் பிடியால் இடித்தான். "கை ஏலாது ஐயா, வருத்தம்" என்று மனிசன் அழுதிருக்கிறார். வருத்தக்காரனுக்கு டவுனில் என்ன வேலை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

புஸ்பம் அதை மன்னிக்கவேயில்லை. "மகனக் கூட்டி வரப் போனவர் அழுதுபோட்டு வந்திருக்கார். தோள்நோவாம். பயம் எண்டு சொல்லச் சொல்லுங்க" என்று வேலிக்கு வேலி நின்று சொன்னாள். அதெல்லாம் அவர் காதுக்கு வந்தது. அன்றோடு அவளோடு கதைப்பதை விட்டார். சோற்றுக் கோப்பையை வாங்கிக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுவார்.

கயிறு முடிந்தால் சுவர். விரல்களை எறும்பு ஏறுவதுபோல் சுவரில் ஏறவிட வேண்டும். அவை நின்ற இடத்திலெல்லாம் புஸ்பம் அடுப்புக் கரியால் ஒரு கோடு கிழித்தாள். எல்லாவற்றுக்கும் மேலே நீளமாக ஒரு கோடு. அதைத் தொட்டால்தான் மகன் என்பது அவள் கணக்கு. நோவில் அவர் உதடு கோணினால் போதும், பகிடியாகக் கையெடுத்துக் கும்பிடுவாள்.

"நோகுதா? கும்பிடுறன் ராசா, கீழ போடுங்க. போட்டுட்டுப் போய்ப் படுங்க. மகன் அங்க கிடந்து சாகட்டும்."

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு விரல் மேலே ஏற்றுவார். ஒருநாள் கம்பைத் தூக்கி அவள்மேல் எறிந்தார். அன்றைக்கு மட்டும் வாய் திறந்து, "உன்ட கையால தண்ணி குடிக்கிறதே எனக்குப் பாவம்" என்றார். அவள் கம்பை எடுத்துத் திரும்பவும் அவர் கையில் வைத்தாள்.

ஆனி பிறந்தபோது கை தலைக்கு மேலே போனது. நீளக் கோட்டைத் தொடவில்லைதான், ஆனாலும் ஆமிக்கு அது போதும். மாதக் கடைசியில் இருவரும் பஸ் ஏறினார்கள். அவர் முன்னுக்கு, அவள் பின்னுக்கு.

பாலத்தடியில் ஆம்பிளைகள் ஒரு வரிசை, பொம்பிளைகள் ஒரு வரிசை. "அத உஸ்ஸண்ட." இரண்டு கையும் ஒன்றாக மேலே போயின. புஸ்பத்துக்கு நெஞ்சு குளிர்ந்தது. இந்த மனிசனை எத்தனை பேச்சுப் பேசிவிட்டேன் என்று முதல்தடவையாக வெட்கப்பட்டாள்.

ஆனால் அவன் அதே ஆமிக்காரன். ஆளை மறக்கவில்லை. சத்தம் போட்டுச் சென்றிக்குப் பெரியவனைக் கூப்பிட்டுச் சிங்களத்தில் சொன்னான். கலவரங்களுக்கு முன்னம் அம்பாறைச் சந்தையில் கருவாடு விற்றவள் புஸ்பம், ஒரு சொல்லும் தப்பாமல் அவளுக்கு விளங்கியது. அன்றைக்கு ஏலாது என்றான், இன்றைக்கு நேராகப் போகுது, அன்றைக்கு எதையோ ஒளித்திருக்கிறான். பெரியவன் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். அப்படியே நிற்கட்டும், வருத்தம் மெய்யென்றால் இது முடியுமுன் கை தானாகக் கீழே வரும், வந்தால் விடு, வராவிட்டால் பொய், உள்ளே போடு என்றான்.

வினாயகமூர்த்திக்குச் சிங்களம் தெரியாது. கையை இறக்கினால் இடி விழும் என்பது மட்டும்தான் தெரியும். விசயத்தைத் தமிழில் சொல்லவும் வழியில்லை, தமிழ் தெரிந்த ஆமிக்காரன் ஒருவன் பக்கத்திலேயே நின்றான். அவளால் சொல்லக்கூடியது ஒன்றுதான் இருந்தது.

"நோகுதுதானே, கீழ போடுங்க" என்றாள்.

அவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். மாமரத்தடியில் பார்க்கும் அதே பார்வை. ஊர்ச் சனத்துக்கு முன்னால், துவக்குக்கு முன்னாலும் பகிடி பண்ணுகிறாளே என்று அந்தக் கண் எரிந்தது.

"கும்பிடுறன், கீழ போடுங்க." அவள் மெய்யாகவே கும்பிட்டாள். கண்ணீர் வழிந்தது. கெஞ்சிப் பழக்கமில்லாத குரல், வீட்டில் வருவதுபோலவேதான் வந்தது.

வலது தோள் துடித்தது. முழங்கையிலிருந்து வியர்வை சொட்டியது. அவர் பல்லைக் கடித்தார். மடங்கியிருந்த விரல்கள் நிமிர்ந்தன. கை இன்னும் மேலே போனது, சுவரில் அவள் கிழித்த நீளக் கோட்டையும் தாண்டி.

பெரியவன் சிகரெட்டைப் போட்டுப் பூட்சால் நசுக்கிவிட்டுத் தலையை அசைத்தான். இரண்டு பேர் வந்து வினாயகமூர்த்தியை மண்மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்கள். போகும்போதும் மனிசன் கையை இறக்கவில்லை. பார்த்தியா என்பதுபோல் புஸ்பத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.