சீமாட்டியின் தட்டு

க்விரினால் அன்று ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. மேசைச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டான். போட்டதை மறந்து மறுபடியும் போட்டான். சமையற்கட்டுக்கும் சலவை அறைக்கும் நடுவே உள்ள கல் நடையில் கம்பளிக் காலுறையோடு போய் வந்துகொண்டிருந்தான். பகலில் ஃபால்கென்ரீட் கோட்டைக்குள் யாரும் பூட்ஸ் போட்டு நடக்கக் கூடாது. ராஜா தூங்கிக்கொண்டிருப்பார். மாலை ஐந்து மணிக்கு மேல்தான் அவருக்குப் பொழுது விடியும்.

கோட்டை இன்னும் கட்டி முடிந்தபாடில்லை. மேற்குக் கோபுரம் மேகத்துக்குள் போய் நின்றது. கிழக்குக் கோபுரம் பதினோரு வருஷமாகச் சாரத்துக்குள் இருந்தது. உள்ளே செயற்கைக் குகை, குகைக்குள் ஏரி, ஏரியில் சிப்பி வடிவத்தில் ஒரு படகு. க்விரின் இதில் பாதியைப் பார்த்ததில்லை. ராஜாவையும் பார்த்ததில்லை. அவர் முகத்தை வேலைக்காரர்கள் பார்க்கக் கூடாது என்பது உத்தரவு. நடையில் எதிர்ப்பட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். சாப்பிடும்போது ஒருவரும் தேவைப்படக் கூடாது என்பதற்காகத்தான் அந்த மேசை. சமையற்கட்டில் பரிமாறி, க்விரின் இரும்புச் சக்கரத்தைச் சுற்றினால், சங்கிலியில் தொங்கியபடி மேலே போய்ச் சாப்பாட்டு அறையின் தரை நடுவில் நிற்கும். மேலிருந்து மணி ஒருமுறை அடித்தால் இறக்க வேண்டும். இரண்டு முறை அடித்தால் ஏற்ற வேண்டும். ஏழு வருஷமாக அவன் வேலை இதுதான்.

மேசையில் எப்போதும் நாலு தட்டு. ஒன்று ராஜாவுக்கு. மற்ற மூன்றும் பாரிஸில் நூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு பிரபுவுக்கும் அவர் மனைவிக்கும் அவர்கள் வீட்டுக் கவிஞர் ஒருவருக்கும். அவர்களோடு பேசிக்கொண்டேதான் ராஜா சாப்பிடுவார். பேச்சு சங்கிலித் துளை வழியாகக் கீழே கேட்கும். விருந்தாளிகளின் சாப்பாடு தொடப்படாமல் இறங்கி வரும். அதைக் கீழே இருப்பவர்கள் சாப்பிடலாம் என்பது முதல் நாளிலிருந்தே வழக்கம். பிரபுவின் தட்டு தலைமைச் சமையல்காரருக்கு, கவிஞரின் தட்டு பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு, சீமாட்டியின் தட்டு க்விரினுக்கு. "இன்னிக்குச் சீமாட்டிக்கு வாத்துக்கறி" என்று அவன் வீட்டில் சொன்னால் அவன் மனைவி அஃப்ரா அன்று அடுப்பு மூட்டமாட்டாள்.

காலையில் தலைநகரத்திலிருந்து ஹோல்ட்ஸிங்கர் என்ற அதிகாரி வந்திருந்தார். கூரை பார்க்க வந்தவர் என்று வாசலில் சொல்லியிருந்தார்கள். அவர் கூரைப் பக்கம் போகவே இல்லை. வாயில்காப்போர் அறையில் உட்கார்ந்துகொண்டு வேலைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். ராஜாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று மந்திரிகள் மருத்துவர்களிடம் எழுதி வாங்கப்போகிறார்கள். அதற்குச் சாட்சிகள் வேண்டும். இதை யாரும் யாரிடமும் சொல்லவில்லை, எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

க்விரினுக்கு முன்னால் அவர் வைத்த தாளில் எல்லாம் ஏற்கெனவே எழுதியிருந்தது. விருந்தாளிகளின் தட்டுகள் நிறைந்து போய் நிறைந்தே திரும்பும், ஏழு வருஷத்தில் ஒருநாளும் யாரும் அவற்றைத் தொட்டதில்லை. அவ்வளவுதான். இது எதற்கு என்று அவன் கேட்டபோது ஹோல்ட்ஸிங்கர் ஒளிக்காமல் சொன்னார். சீமாட்டி இப்போதெல்லாம் பசியோடு சாப்பிடுகிறாள், அவள் கடித்து வைத்த மீனை என் கண்ணால் பார்த்தேன் என்று ராஜா தன் சித்தி மகனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அந்தக் கடிதம் மருத்துவர்கள் கையில் இருக்கிறது. மற்றதெல்லாம் பணக்காரப் பிடிவாதம் என்று தள்ளிவிடலாம். இது ஒன்றுதான் தள்ள முடியாதது. எட்டு மணிக்கு வண்டி கிளம்புகிறது, அதற்குள் கையெழுத்து வேண்டும்.

அப்போதிருந்துதான் அவனால் நிற்க முடியவில்லை.

ஆறு மணிக்குச் சலவை அறைக்குள் போனான். அஃப்ரா மேசை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். வெகுநேரம் வாசலிலேயே நின்றான். அவள் பிழிந்து முடித்து, உதறி, கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினாள்.

"என்னய்யா, கையெழுத்துப் போட்டாச்சா?"

இல்லை என்று தலையசைத்தான். பிறகு சொன்னான். போன நவம்பரில் ஒருநாள் மீன் பரிமாறிய மேசை இறங்கி வந்தது. வழக்கம்போல் சீமாட்டியின் மீனை எடுத்து இரண்டு வாய் கடித்தான். உடனே மேலே மணி இரண்டு முறை அடித்தது. ராஜா மேசையில் ஏதோ புத்தகத்தை விட்டுவிட்டிருந்தார். தட்டை மாற்ற நேரமில்லை. கடித்த மீனோடு மேசை மேலே போய்விட்டது. வேலை போயிற்று என்று சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். மேலே நெடுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் ராஜா சிரித்தார். ஏழு வருஷத்தில் அவன் கேட்ட முதல் சிரிப்பு.

"அதோட விட்டிருக்கலாம்ல?" என்றாள் அஃப்ரா.

"விடல. கடிச்சு வெச்சுத்தான் மேல அனுப்பினேன்."

"எத்தன தடவ?"

"எண்ணல. குளிர்காலம் பூரா."

அவள் கவிழ்த்துப் போட்டிருந்த வாளியின்மேல் உட்கார்ந்தாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், வேலையோடு அவர்கள் குடியிருந்த வாயில் வீட்டின் இரண்டு அறைகளும் போகும் என்பதை அவன் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சொல்லாவிட்டால் ஒரு மனுஷனை அடைத்து வைப்பார்கள் என்பதை அவளும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கொடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அந்த ஆள்கிட்ட சொன்னா எழுதமாட்டான்" என்றாள் கடைசியில். "அவன் எழுதிக்கிட்டு வந்தத மாத்தவா வந்திருக்கான்? சொல்றதா இருந்தா மேல சொல்லு."

"மேலயா? சுவரப் பாத்துக்கிட்டு நிக்கணும், பேசக் கூடாது. வாசல்ல காவல்."

"உன் மேசைக்குக் காவல் உண்டா?"

அவன் அவளையே பார்த்தான். சக்கரத்தை யார் சுற்றுவது என்று கேட்டான்.

"ஈரக் கம்பளம் தூக்கற கையி இது. நீ என்ன, கம்பளத்தவிட கனமா?"

ஏழு மணிக்குச் சூப் மேலே போனது. மணி ஒருமுறை அடித்ததும் மேசை இறங்கியது. தலைமைச் சமையல்காரர் கன்றுக்கறித் தட்டுகளை வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிய நேரத்தில் க்விரின் காலுறையோடு மேசைமேல் ஏறி, சாஸ் கிண்ணத்துக்கும் மெழுகுவர்த்திகளுக்கும் நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். மணி இரண்டு முறை அடித்தது. அஃப்ரா பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள்.

தலை தரைக்கு மேலே வந்ததும் முதலில் தெரிந்தது ஜன்னல். மலையில் இன்னும் வெயில் இருந்தது. பிறகு நாலு நாற்காலி. ஒன்றில், அவன் நினைத்ததைவிடப் பருமனான, பல் வலிக்காகத் தாடையில் துணி கட்டிய ஒரு மனிதர். கையில் கரண்டி. அவர் கத்தவில்லை. காவலைக் கூப்பிடவும் இல்லை. சாஸ் கிண்ணம் சாயாமல் மட்டும் பிடித்துக்கொண்டார்.

க்விரின் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். மீனைத் தின்றது தான்தான். கோழியையும், ஆப்பிள் பணியாரத்தையும். கீழே ஒரு அதிகாரி இருக்கிறார், மகாராஜா எழுதிய கடிதத்தை வைத்துக்கொண்டு இன்ன காரியம் செய்யப்போகிறார்கள்.

ஜன்னலில் வெயில் ஒரு பாறையிலிருந்து அடுத்த பாறைக்கு ஏறியது. க்விரினுக்குக் கால் மரத்துப்போனது.

"எனக்குத் தெரியும்" என்றார் ராஜா. பேச்சு அவர் கட்டிய துணிக்குள்ளிருந்து, கீழே எட்டாத அளவுக்குத் தாழ்ந்து வந்தது. "முதல் நாளே தெரியும். செத்தவங்களுக்கு முன்பல் ஒண்ணு ஒடஞ்சிருக்காது."

க்விரின் தன் உடைந்த முன்பல் தெரியாமல் வாயை மூடிக்கொண்டான்.

"கீழ யாரோ ஒருத்தன் என்கூட சாப்பிடறான்னு தெரியும். நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்ப மகாராஜா அத அவங்ககிட்ட சொல்லணும். ஒரு வார்த்த சொன்னா போதும்."

"என்னன்னு சொல்ல? சக்கரம் சுத்தறவனோட எச்சில் தட்டுக்கு எதிர்ல உக்காந்து ஆறு மாசமா பேசிக்கிட்டிருந்தேன்னா?" அவர் கரண்டியை மேசைமேல் நேராக வைத்தார். "பைத்தியம்னு சொல்லிட்டுப் போகட்டும். அத ஒரு ராஜா தாங்கிக்கலாம். நீ யார்கிட்டயும் சொல்லக் கூடாது. இது உத்தரவு."

பிறகு அவரே மணியை ஒருமுறை அடித்தார்.

கீழே வந்தபோது அஃப்ராவின் இரண்டு உள்ளங்கைகளும் தோலுரிந்திருந்தன. என்ன சொன்னார் என்று கேட்டாள். சொன்னான். அவள் கையை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டாள். அவன் பூட்ஸை எடுத்து மாட்டினான். கல் நடையில் அந்தச் சத்தம் அவனுக்கே பயமாக இருந்தது. ராஜா விழித்துத்தான் இருக்கிறார், இந்தச் சத்தத்தில் தூக்கம் கலைய யாரும் இல்லை என்று நினைத்துக்கொண்டு நடந்தான்.

ஹோல்ட்ஸிங்கர் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தார். க்விரின் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பேனாவைத் தொடவே இல்லை.

"ராஜாவுக்கு இது தெரியுமா?"

அந்தக் கேள்வி வரும் என்று நடையில் வரும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது. தெரியாது என்றால் உத்தரவில் பாதியாவது மிஞ்சும். ஆனால் கடிதம் பைத்தியத்தின் கடிதமாகவே நிற்கும்.

"தெரியும்" என்றான்.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"இப்பத்தான் சொன்னாரு. மேசையில உக்காந்து மேல போய்க் கேட்டேன் ஐயா."

ஹோல்ட்ஸிங்கர் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்தார். பார்வை அவன் மார்புச் சட்டையில் ஒட்டியிருந்த சாஸில் வந்து நின்றது.

"ஏழு வருஷமா முகத்தையே காட்டாத ராஜா, தரையப் பொளந்துக்கிட்டு வந்த உன்கூட உக்காந்து பேசினாரு. சரிப்பா. இத எழுதினா முதல்ல உன்னத்தான் அடைப்பாங்க. வீட்டுக்குப் போ. மேசை இறங்கறத சமையல்காரரும் பாக்கறாருல்ல, அவர் கையெழுத்தே எனக்குப் போதும்."

அவர் தாளை மடிப்பதற்குள் க்விரின் அதன் ஒரு ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். இழுக்கவில்லை, விடவும் இல்லை. தாள் கிழிந்துவிடும் என்று அதிகாரிதான் கையை எடுத்தார். க்விரின் மைக்கூட்டைத் திறந்தான். எழுதிப் பழக்கமில்லாத கை. அழகாக அடுக்கியிருந்த அந்த வரிகளுக்குக் குறுக்கே, பெரிய பெரிய எழுத்துகளில், ஒவ்வொன்றாக எழுதினான்: மீனைத் தின்றது நான். அதற்குக் கீழே தன் பெயர்.

வெளியே வண்டிக்காரன் இரண்டு முறை கூப்பிட்டான். மை தடிமனாக இருந்தது, காயவில்லை. க்விரின் தாளைக் கொடுக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அதன்மேல் ஊதிக்கொண்டே நின்றான்.